தாலி பாக்கியமும் கல்லீரலும்

(வல்லம் வடகால் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கோவிலைப் பற்றியதுமல்ல, தேர்தலைப் பற்றியதுமல்ல. மனிதனுடைய வலப்பக்க விலா எலும்புக்கு அடியில் இருக்கின்ற கல்லீரல் என்னும் உறுப்பைப் பற்றியதாகும். "இதைப் பேச டாக்டர் இருக்கிறாரே, சுயமரியாதைக்காரனுக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். கல்லீரல் கெட்டால் அதற்கு வைத்தியம் செய்வது டாக்டர் வேலைதான். ஆனால் கணவனுக்கு அது கெட்டால் மனைவி என்ன செய்ய வேண்டும், மனைவிக்குக் கெட்டால் கணவன் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி வந்தவுடனே ஜாதகமும் புராணமும் நோன்பும் வீட்டுக்குள் நுழைந்துகொள்ளுகின்றன. ஆகையால் அது நம்முடைய வேலையும் ஆகிவிடுகிறது.

இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியையும் வயலையும் நம்பியிருந்த வல்லம் வடகாலில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். 18,000 பெண் தொழிலாளிகளுக்குமேல் தங்கக்கூடிய விடுதி 2024 ஆகஸ்டில் இங்கே திறக்கப்பட்டது. இங்குள்ள தொழிலாளி ஆயுதபூஜையன்று இயந்திரத்துக்குச் சந்தனம் பூசுகிறார். ஆனால் இயந்திரத்தில் ஒரு பாகம் உடைந்தால், சந்தனத்தைப் பூசி ஓட்டிவிடலாமென்று அவர் நினைப்பதுண்டா? பழுது எங்கே என்று பார்க்கிறார். முடிந்தால் சரி செய்கிறார். முடியாவிட்டால் மாற்றுப் பாகம் போடுகிறார். தொழிற்சாலையில் இவ்வளவு புத்தியோடு நடக்கின்ற அதே மனிதர், வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால் எங்கே போகிறார்? காமாலைக்கு மந்திரிக்கிறவனிடம் போகிறார். அல்லது வல்லக்கோட்டை முருகனுக்கு முடிந்து வைக்கிறார்.

மந்திரிக்கிறவன் செய்வது என்ன? நோயாளியின் கையைக் கழுவும்போது தண்ணீர் மஞ்சளாக ஓடும். "பார், காமாலை இறங்குகிறது" என்பான். கையில் முன்பே தடவிய மாம்பட்டைச் சாறு சுண்ணாம்புத் தண்ணீரோடு சேர்ந்தால் மஞ்சள் நிறம் வரும். காமாலையே இல்லாத நம் கையிலும் வரும், மந்திரிக்கிறவன் கையிலும் வரும்! சில காமாலை தானாகவே சில வாரங்களில் தணிந்துவிடும். அதற்குப் பெயர் மந்திர சக்தி. தணியாத காமாலைக்குப் பெயர் தலைவிதி. ஆக, எப்படியும் மந்திரத்துக்குத் தோல்வியில்லை. தோற்பது நோயாளி மட்டுந்தான்.

கல்லீரல் வெகு பொறுமையுள்ள உறுப்பு. குடியினாலும், ஹெபடைடிஸ் பி, சி என்னும் கிருமிகளினாலும், சர்க்கரை நோயோடும் பருமனோடும் சேர்ந்து வருகின்ற கொழுப்பினாலும் அது வருஷக்கணக்காகக் கெட்டுக்கொண்டு வரும், வெளியே தெரியாது. கடைசியில் தழும்பேறிச் சுருங்கிப்போகும். அப்போது வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், கால் வீங்கும், உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் வெடித்து ரத்த வாந்தி வரும். குடிக்காதவருக்கும் இந்நோய் வரும். ஆகவே, நோயாளியைக் கண்டவுடனே "குடிகாரன்" என்று முத்திரை குத்துவது அறிவீனம். குடித்தே கெட்டுக்கொண்டவராயிருந்தாலும், 2003 முதல் சர்க்காரே கடை வைத்துச் சில்லறையாக விற்கின்ற சரக்கைத்தான் அவர் குடித்தார் என்பதையும் மறக்கக்கூடாது.

அன்றியும் ஒரு விஷயத்தைத் தாய்மார்கள் நன்றாய்க் கவனிக்க வேண்டும். நோய் முற்றினவர் பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருப்பார். பேச்சு குழறும். கை நடுங்கும். சொந்த மனைவியையே யாரென்று கேட்பார். ஊரார் உடனே, "பேய் பிடித்துவிட்டது, ஏவல் செய்துவிட்டார்கள்" என்பார்கள். பேயுமில்லை, ஏவலுமில்லை. கல்லீரல் நீக்க வேண்டிய அம்மோனியா போன்ற விஷங்கள் நீங்காமல் ரத்தத்தில் தங்கி மூளையைத் தாக்குகின்றன. அதற்கு மருந்து உண்டு. மலச்சிக்கல் வராமல், நாளைக்கு இரண்டு மூன்று முறை மலம் போகும்படி டாக்டர் மருந்து கொடுப்பார். அதை ஒழுங்காய்க் கொடுத்துவந்தால் பெரும்பாலும் புத்தி தெளியும். வேப்பிலை அடித்துக்கொண்டு நேரத்தைப் போக்கினால் உயிர் போகும்.

வீட்டில் உள்ளவர் செய்யக்கூடிய காரியங்கள் இன்னும் பல. வயிற்றில் நீர் கோத்தவருக்கு உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். தினம் காலையில் எடை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். உடல்வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கித் தரக்கூடாது. யாரோ சொன்ன வேரும் பஸ்பமும் கூடவே கூடாது. முக்கியமாக, பத்தியமென்று பட்டினி போடக்கூடாது. இந்நோயில் தசை கரையும். டாக்டர் தடுத்தாலன்றிப் பருப்பு, முட்டை, மீன், பால் வேண்டும். படுக்கும் முன்னும் கொஞ்சம் சாப்பிட வேண்டும். ரத்த வாந்தியோ, தார்போல் கறுத்த மலமோ, புத்தித் தடுமாற்றமோ, வயிற்று வலியோடு காய்ச்சலோ கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நோய் ஹெபடைடிஸ் பி-யால் வந்ததானால் மனைவியும் மக்களும் ரத்தம் சோதித்துக்கொண்டு தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவும் பூஜையறையில் நடக்கின்ற காரியமா? அடுப்படியிலும் தராசிலும் நோட்டுப் புத்தகத்திலும் நடக்கின்ற காரியம்.

நிற்க, இவ்வளவு செய்தும் கல்லீரல் தேறாவிட்டால் என்ன செய்வது? மாற்றுக் கல்லீரல் வைக்கலாம். ரத்தத்திலுள்ள பிலிரூபின், கிரியாட்டினின், ரத்தம் உறையும் நேரம் முதலியவற்றைக் கொண்டு ஓர் எண் கணக்கிட்டு, நோயின் கடுமையை டாக்டர்கள் அளக்கிறார்கள். ஜாதகத்தில் எட்டாமிடத்தைப் பார்த்து அளப்பதில்லை! அமெரிக்காவில் டென்வர் நகரில் 1963இல் தாமஸ் ஸ்டார்சல் என்ற டாக்டர் முதன்முதலில் இதைச் செய்தபோது குழந்தை இறந்துபோயிற்று. அவர் பரிகாரம் தேடவில்லை. ஏன் இறந்தது என்று ஆராய்ந்தார். 1967இல் வெற்றி பெற்றார். இந்தியாவில் முதல் வெற்றி 1998 நவம்பரில் டில்லி அப்போலோ ஆஸ்பத்திரியில் கிடைத்தது. பிழைத்தவர் யார் தெரியுமா? நம்முடைய காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தையான சஞ்சய் கந்தசாமி. தகப்பனார் தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, இன்று தானே டாக்டராகியிருக்கிறது. ஆயிரம் கோவில் உள்ள காஞ்சிபுரம் என்கிறார்கள். அந்த ஆயிரமும் செய்யாத காரியத்தைச் செய்தவை ஒரு தகப்பனுடைய துணிவும் டாக்டர்களுடைய அறிவுமேயாகும்.

உயிரோடிருப்பவர் கல்லீரலில் பாதிக்குமேல்கூட வெட்டிக் கொடுக்கலாம். மீதி சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். ஆனால் இது ஊசி போடுவது போன்ற காரியமல்ல. பெரிய ஆபரேஷன். கொடுப்பவர் இரண்டு மூன்று மாதம் பாரமான வேலை செய்யக்கூடாது. ஆயிரத்தில் சிலர் இறந்தும் போயிருக்கிறார்கள். இதை மறைத்துப் பேசுவது யோக்கியமல்ல.

இப்போதுதான் நம்முடைய கேள்வி வருகிறது. கொடுப்பது யார்? வாங்குவது யார்?

நோட்டோ என்று சொல்லப்படும் மத்திய சர்க்காரின் உறுப்பு மாற்று ஸ்தாபனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த உறுப்பு மாற்றுகள் 36,640. அவற்றில் ஆண்களுக்கு நடந்தவை 29,695. பெண்களுக்கு நடந்தவை 6,945. அதாவது ஐந்தில் ஒன்றுகூட இல்லை! உயிரோடிருந்து கொடுத்தவர்களிலோ நூற்றுக்கு எண்பது பேர் பெண்கள் என்று 2021இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி சொல்லுகிறது. அவர்கள் பெரும்பாலும் மனைவிமாரும் தாய்மாருந்தான். "ஆண்கள் அதிகமாய்க் குடிக்கிறார்கள், அதனால் அதிகமாய் வாங்குகிறார்கள்" என்று சிலர் சமாதானம் சொல்லலாம். கல்லீரல் அளவில் அதில் கொஞ்சம் உண்மையிருக்கட்டும். இந்தக் கணக்கில் பெரும்பகுதி சிறுநீரகமாயிற்றே! "விபத்தில் இறந்து உறுப்புக் கொடுப்பவர்களில் ஆண்கள் அதிகம்" என்றும் சொல்லலாம். அதுவும் உண்மைதான். அப்படியானால் நம் சமூகத்தில் ஆண் செத்த பிறகு கொடுக்கிறான், பெண் உயிரோடு வெட்டிக் கொடுக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

இதற்குக் காரணம் என்ன? பெண்ணுக்குக் குழந்தைப் பருவம் முதல் சாவித்திரி கதையைச் சொல்லி வைத்திருக்கிறோம். யமன் பின்னாலேயே நடந்து புருஷன் உயிரை மீட்டாள் என்கிறோம். அதற்குக் காரடையான் நோன்பு வைத்திருக்கிறோம். அதே மகாபாரதத்தில் ருரு என்பவன், தான் மணக்கவிருந்த பிரமத்வரை பாம்பு கடித்து இறந்தபோது, தன் ஆயுளில் பாதியைக் கொடுத்துப் பிழைப்பித்ததாக ஒரு கதை இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? அதற்கு ஏன் ஒரு நோன்பு இல்லை? மனைவியின் ஆயுள் விருத்திக்காகக் கணவன் பட்டினி கிடக்கும் நாள் எந்தப் பஞ்சாங்கத்திலாவது உண்டா? நாம் நோன்பு வேண்டுமென்று கேட்கவில்லை. பட்டினி கிடப்பதனால் எந்தக் கல்லீரலும் வளராது. ஆண் கொடுப்பதற்கு ஏன் ஒரு கதையும் பரவவில்லை என்றுதான் கேட்கிறோம்.

ஆகவே புருஷனுக்கு மாற்றுக் கல்லீரல் வேண்டுமென்று டாக்டர் சொன்னவுடன் மாமியார், நாத்தனார், பெற்ற தாய் எல்லாரும் மனைவி முகத்தைப் பார்க்கிறார்கள். "உன் தாலி பாக்கியத்தைக் காப்பாற்றிக்கொள்" என்கிறார்கள். அண்ணன் தம்பிக்கு வேலை, பிள்ளை குட்டி இருக்கிறதாம்! அவளுக்கு வேலை இல்லையா? பிள்ளை இல்லையா? அவள் கொடுத்தால் கடமை, மறுத்தால் துரோகி. மனைவிக்கு நோய் வந்தாலோ, "அவள் விதி அவ்வளவுதான்" என்கிறார்கள். இரண்டாந்தாரத்துக்குப் பெண் பார்க்கிறவர்களும் உண்டு.

சட்டம் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறது. 1994ஆம் வருஷத்து உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் 2014இல் செய்யப்பட்ட விதிகளில், கொடுப்பவர் பெண்ணானால் அதிக எச்சரிக்கை வேண்டும், அவளுடைய சுயேச்சையான சம்மதத்தை உறுப்பு வாங்குபவரல்லாத வேறொருவரைக் கொண்டு உறுதி செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நோட்டோவும், காத்திருப்போர் வரிசையில் பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மாகாணங்களுக்கு எழுதியிருக்கிறது. ஆகவே, தாய்மார்களே! ஆஸ்பத்திரியில் உங்களைத் தனியே வைத்துக் கேட்கும்போது மனத்தில் உள்ளதைத் தைரியமாய்ச் சொல்லுங்கள். கொடுக்கச் சம்மதமானால் அபாயம் அறிந்து கொடுங்கள். அது மகத்தான காரியம். சம்மதமில்லாவிட்டால் இல்லையென்று சொல்லுங்கள்; அது பாவமல்ல. கத்தி வைக்கும் நிமிஷம் வரையில் மனத்தை மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாடு, ஆணுக்குள்ள சொத்துரிமை பெண்ணுக்கும் வேண்டுமென்று தீர்மானித்தது. அன்று இந்த ஸ்ரீபெரும்புதூர் தாலுக்கா அந்தச் செங்கற்பட்டு ஜில்லாவில்தான் இருந்தது. நிலத்திலும் வீட்டிலும் பங்கு கேட்ட நாம், அவள் உடம்பு அவளுக்குச் சொந்தம் என்பதை விட்டுவிடலாமா? நம் திருமணங்களில் கணவன் மனைவி என்று சொல்லாமல் வாழ்க்கைத் துணைவர் என்று சொல்லுகிறோம். துணை என்றால் இருவருக்கும் ஒன்றுதானே! அவளுக்கு நோய் கண்டால் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் காத்திருக்கவும், கஞ்சி வைக்கவும், மலம் அள்ளவும், ரத்த வகை சேருமா என்று தன் ரத்தத்தை முதலில் கொடுத்துப் பார்க்கவும் அவன் முன்வரவேண்டாமா?

ரத்த வகை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஓ, ஏ, பி, ஏபி என்று ரத்தத்தில் நான்கு வகை உண்டு. ஆனால் அது மனுதர்மத்தின் நான்கல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே இரண்டு மூன்று வகையாயிருக்கிறார்கள். கல்லீரலுக்காகக் காத்துக் கிடக்கின்ற எந்தச் சநாதனியும், "எந்த ஜாதிக் கல்லீரல்?" என்று கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. சாகப்போகும்போது வருகின்ற இந்தப் புத்தி வாழும்போது வந்தாலென்ன?

கடைசியாக, மனைவியையும் வெட்டாமல் கணவனையும் காப்பாற்ற வழி ஒன்று உண்டு. செத்தவர் கொடுப்பதுதான் அது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதிகளான அசோகனும் புஷ்பாஞ்சலியும், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் 15 வயது மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அதன் பிறகு இந்தக் காரியம் தமிழ்நாட்டில் நன்றாய்ப் பரவிற்று. 2009இல் சென்னை ஸ்டான்லி சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே கல்லீரல் மாற்று நடந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இது சேர்ந்திருக்கிறது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் அதற்கு உரியவை. உறுப்புக் கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்குமென்று 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள்.

கண்ணப்பன் தன் கண்ணைப் பிடுங்கிக் கல்லுக்கு அப்பினான் என்று பெருமை பேசுகிறோம். கல்லுக்குக் கண் எதற்கு? உறுப்பில்லாமல் சாகின்ற மனிதன் அடுத்த தெருவில் இருக்கிறான். "முழு உடம்போடு எரித்தால்தான் மோட்சம்" என்கிறவர்களிடம், எரித்த பிறகு எந்த உறுப்பு மிஞ்சுகிறது என்று கேளுங்கள்.

ஆகையால் தோழர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் சாப்பிட உட்காரும்போது, "எனக்கு மூளைச்சாவு வந்தால் என் உறுப்புகளைக் கொடுத்துவிடுங்கள்" என்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிடுங்கள். பதிவு அட்டை இருந்தாலும் நடைமுறையில் வீட்டாருடைய சம்மதத்தைக் கேட்டுத்தான் எடுக்கிறார்கள். உங்கள் மனைவியிடமும் அவர்கள் விருப்பம் என்னவென்று கேளுங்கள். அவர்கள் சொல்லுகின்ற பதில் எதுவானாலும் அதை மதியுங்கள்.