நம் மலைமேல் விழும் நீல ஒளி

அட்டப்பாடி மலையில் நின்று பேசுகிறேன். நாளை அமாவாசை. வடக்கே கறுப்பாகத் தெரிவது நீலகிரி. கேமராவில் வானம் வெறும் இருட்டாகத்தான் இருக்கும். ஆனால் இந்த நொடியிலும் நம் தலைக்கு மேல் நீல ஒளி மின்னி மறைந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு மின்னலும் ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரம்தான் நீடிக்கும்; கண்ணுக்குச் சிக்காது. இதன் பெயர் செரன்கோவ் ஒளி. நம் நாட்டில் இதை வானத்திலிருந்து பிடிக்க முதலில் கண்ணாடி விரித்த இடம், அந்த மலைமேல் இருக்கும் ஊட்டி.

மலம்புழா அணையில் மோட்டார் படகு போவதைப் பார்த்திருப்பீர்கள். படகு மெதுவாகப் போனால் அலை அதை முந்திக்கொண்டு பரவும். வேகமெடுத்தால் அலை பின்தங்கி, படகின் இருபக்கமும் ஆப்பு மாதிரி விரியும். ஒளியிலும் இப்படி ஒன்று நடக்கிறது. வெற்றிடத்தில் ஒளியை எதுவும் முந்த முடியாது. ஆனால் தண்ணீருக்குள் ஒளியின் வேகம் முக்கால் பங்காகக் குறைந்துவிடும். அங்கே ஒரு எலக்ட்ரான் அதைவிட வேகமாகப் பாய்ந்தால், அதன் பின்னால் நீல ஒளி கூம்பாக விரியும். 1956இல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய அப்சரா அணு உலையின் தண்ணீரில் தெரிந்த நீலம் இதுதான்.

கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1930களில் லெனின்கிராடில் பாவெல் செரன்கோவ் என்ற இளைஞர், வவிலோவ் என்ற பேராசிரியரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தார். ரேடியத்தின் கதிர் பட்டால் திரவங்கள் எப்படி ஒளிர்கின்றன என்று பார்ப்பது வேலை. கருவி அவருடைய கண்தான். கண் பழகுவதற்காகத் தினமும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கும்மிருட்டில் உட்கார்ந்துவிட்டு, அப்புறம்தான் அளக்கத் தொடங்குவார். உப்பு எதுவும் கரைக்காத சுத்தமான தண்ணீரிலும் மங்கலாக நீலம் தெரிந்தது. கறை என்று ஒதுக்காமல் அதையே துரத்தினார். 1934இல் வெளியிட்டார். 1937இல் ஃபிராங்க், டாம் என்ற இருவர் அதற்குக் கணக்குப் போட்டுக் காரணம் சொன்னார்கள். 1958இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வவிலோவ் 1951இலேயே இறந்துவிட்டார். ரஷ்யர்கள் இன்றும் வவிலோவ் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். அதுதான் நியாயம் என்று எனக்கும் படுகிறது.

தண்ணீரில் நடப்பது காற்றிலும் நடக்குமா? விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதிச் சிதறும்போது இந்த ஒளி பிறக்கும், இரவு வானத்தின் வெளிச்சத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இதுதான் என்று 1948இல் பிளாக்கெட் என்ற இயற்பியலாளர் சொன்னார். இங்கிலாந்தில் கால்பிரெய்த், ஜெல்லி என்ற இருவர் ஒரு குப்பைத்தொட்டிக்குள் 25 செ.மீ. கண்ணாடியையும் ஒளிப்பெருக்கிக் குழாயையும் வைத்து, வானத்தைப் பார்த்து நிமிர்த்தினார்கள். துடிப்புகள் வந்தன. 1953இல் அதை வெளியிட்டார்கள்.

இனி நம் மலை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஊட்டியில், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில், காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் நடத்திவந்தது. பி.வி. ஸ்ரீகண்டன், பி.வி. ரமணமூர்த்தி போன்றவர்கள் அங்கே வேலை செய்தார்கள். 1968இல் துடிவிண்மீன் என்ற புதுவகை விண்மீனைப் பற்றிய செய்தி உலகுக்குத் தெரிந்தது. மறு வருடமே ஊட்டியில், சர்ச்லைட்டில் பொருத்துகிற, முக்கால் ஆள் உயரம்கூட அகலமில்லாத குழிக்கண்ணாடிகளை வைத்துத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த விண்மீன்களிலிருந்து காமா கதிர் வந்தால், காற்றில் மோதி இதே நீல ஒளியைத் தரும். தரையில் அது நூறு மீட்டருக்கும் மேல் ஆரமுள்ள வட்டமாக விழும்.

இதில் நம் ஊர் இருக்கும் இடமே ஒரு வரம். வேலா துடிவிண்மீன் தென்வானத்தில் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. ஊட்டியிலோ 33 டிகிரிக்கும் மேல் ஏறும். நிலா இருந்தால் வேலை நடக்காது. இரண்டு பருவமழையும் மேகத்தைக் கொண்டுவந்து மூடிவிடும். மிஞ்சுவது உறைபனி விழும் மாதங்கள்தான். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும் அந்த இரவுகளில் மனிதர்கள் விழித்திருந்தார்கள். வருடங்கள் போகப் போகக் கண்ணாடிகள் கூடின. நண்டு, வேலா இரண்டு துடிவிண்மீன்களிலிருந்தும் சைகை கிடைத்ததாக அறிவித்தார்கள். அவற்றில் எல்லாமே பிற்பாடு உறுதிப்படவில்லை. அன்றைக்கு உலகம் முழுக்க இந்தத் துறை அப்படித்தான் தட்டுத் தடுமாறியது. 1989இல் அமெரிக்காவின் விப்பிள் தொலைநோக்கி, ஒளியைப் படமாகவே பிடித்து நண்டு நெபுலாவை உறுதிசெய்த பிறகுதான் வழி தெளிந்தது.

  

ஊட்டிக் கண்ணாடிகள் 1986இல் மத்தியப் பிரதேசத்தின் பச்மரிக்குப் போயின. அடுத்து லடாக்கில் ஹான்லே. அங்கே 4,270 மீட்டர் உயரத்தில் ஏழு தொலைநோக்கிகள் கொண்ட ஹாகர் வந்தது. 2024 அக்டோபரில் அங்கேயே, 21 மீட்டர் அகலமுள்ள மேஸ் தொலைநோக்கியைத் திறந்துவைத்தார்கள். அதன் கேமராவில் 1,088 ஒளிப்பெருக்கிக் குழாய்கள். ஊட்டிக்காரர்கள் பனியில் நின்று குறிவைத்த அதே நண்டை அதுவும் பார்க்கிறது.