கையில் கட்டிய காலம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைக்கடிகாரத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறவேண்டும் என்று விழாக் குழுவினர் எம்மைப் பணித்தபோது சற்றே தயங்கினோம். அழைப்பிதழில் மாலை 6 மணி என்று அச்சிட்டிருந்தார்கள். இறைவணக்கம் தொடங்கியபோது மணி 6.40. இத்தகைய அவையில் கடிகாரத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு மனவருத்தம் தரலாம். ஆயினும் இங்கே வீற்றிருப்போரில் பாதிப்பேர் இடக்கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டியிருக்கிறீர்கள். மீதிப்பேர் வீட்டு பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில், ஓடாத கடிகாரம் ஒன்றேனும் இருக்கும். அந்த ஓடாத கடிகாரத்தை முன்னிட்டே இன்று பேச வந்தோம்.

நாம் வாழும் வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி இயற்கை தந்த நிலமன்று. 1920-இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர், கடல்வாயை அடைத்துக்கிடந்த மணல் திட்டை வெட்டி, காயலை ஆழப்படுத்தினார். 1928 மே 26-ஆம் நாள் 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைமுகத்தினுள் நுழைந்தது. காயலிலிருந்து வாரிய மண்ணே நாம் நிற்கும் இத்தீவாயிற்று. மண்ணைக் கொட்டி நிலம் செய்தவர்கள் அந்நிலத்தில் நெல் விதைக்கவில்லை. பண்டகசாலை, சுங்க அலுவலகம், ரயில் நிலையம், கடற்படைத் தளம் என்று மணி பார்த்து இயங்குவனவற்றையே வைத்தார்கள். 1947-இல் கொச்சியில் தேயிலை ஏலம் தொடங்கியபின் அதற்கும் ஒரு மணி வந்து சேர்ந்தது. நெல்லையிலும் தஞ்சையிலும் கோழி கூவக் கேட்டு எழுந்து, நிழலின் நீளத்தைக் கண்டு உழுதவர்களின் பிள்ளைகள், இங்கே வந்த மறுநாளே வாயிற்காவலரின் குறிப்பேட்டில் வந்த நேரத்தைப் பதியவேண்டியவர்கள் ஆனார்கள். பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் கூலி போகும் என்ற நிலையில் கைக்கடிகாரம் அணிகலன் ஆகாது. அது தொழிற்கருவி.

இதனை ஈண்டு அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. கடிகாரம் கட்டுவதை ஆடம்பரம் என்று நம் ஊர்ப்பக்கத்து முதியோர் பலர் எண்ணியதுண்டு. ஆனால் காலத்தை அளப்பது தமிழருக்குப் புதிதன்று. முல்லைப்பாட்டில் அரசனது பாசறையில் நீர்க்கடிகையைப் பார்த்துப் பொழுதறிந்து சொல்லும் நாழிகைக் கணக்கர் வருகின்றனர். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். அந்நாளில் பொழுதறிவது அரசனிடம் ஊதியம் பெற்றவர் சிலரின் வேலை. அவ்வேலையை எளிய தொழிலாளியின் மணிக்கட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது கைக்கடிகாரமே.

இங்கே ஒரு செய்தியை இடைச்செருகலாகச் சொல்லிவிடுகிறோம். இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் என்னும் ஏற்பாடு 1906 சனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் ரயில்கள் சென்னை வானாய்வுக்கூடத்து நேரத்தைப் பின்பற்றி ஓடின. இன்றைய இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டு கணிக்கப்படுவது. கொச்சியோ 76¼ பாகையை ஒட்டியிருக்கிறது. ஆகவே நம் கடிகாரம் நண்பகல் 12 என்று காட்டும்போது, இங்கே கதிரவன் உச்சிக்கு வரச் சராசரியாக இன்னும் 25 நிமிடம் இருக்கும். சென்னையில் அந்த வேறுபாடு 9 நிமிடமே. அங்குள்ள தமையனுக்கும் இங்குள்ள தம்பிக்கும் சூரியன் 16 நிமிடம் முன்பின்னாக உச்சியேறினாலும், இருவர் கையிலும் கடிகாரம் ஒன்றையே சொல்கிறது. சென்னைப் பஞ்சாங்கத்தைப் பார்த்து இங்கே ராகு காலம் கணிக்கும் தாய்மார்கள் இந்தப் 16 நிமிடத்தை நினைவில் வைப்பது நலம். எத்தனை நல்ல காரியங்களை ராகு காலத்திலேயே தொடங்கியிருக்கிறோமோ, அறியோம்.

காலம் ஒன்று, அதைப் படிக்கும் எழுத்துப் பல என்பதற்கு மட்டாஞ்சேரியிலேயே சான்று நிற்கிறது. யூதத் தெருவில் 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயத்தின் மணிக்கூண்டை 1760-இல் எசக்கியேல் ரஹாபி என்னும் வணிகர் கட்டுவித்தார். அதன் ஒரு முகத்தில் எபிரேய எண்கள். வேறு முகத்துக்கு வேறு எழுத்து. எந்த இனத்தான் எத்திசையிலிருந்து வந்தாலும் தனக்குத் தெரிந்த எழுத்தில் நேரம் பார்க்கலாம். பற்பல மொழியினர் கூடி வாழும் இவ்வூருக்கு ஏற்ற கடிகாரம் அது.

நிற்க. ஆண்கள் கையில் கடிகாரம் கட்டத் தொடங்கி நெடுங்காலம் ஆகவில்லை. மேல்நாட்டில் முதலில் அதைப் பெண்கள் வளையல்போல் அணிந்தனர். ஆண்களோ சங்கிலியில் கோத்துச் சட்டைப்பையில் வைத்தனர். 1914-இல் மூண்ட முதல் உலகப் போரில், பதுங்குகுழியில் கிடந்த வீரனுக்குப் பையைத் துழாவ நேரமில்லை. போர் முடிந்தபோது கைக்கடிகாரம் ஆண்மக்களுக்கும் உரியதாகிவிட்டது. நம் நாட்டிலோ காந்தியடிகள் கடைசிவரையில் இடுப்பில் தொங்கும் கடிகாரத்தையே விரும்பினார். சட்டையே அணியாதவருக்குச் சட்டைப்பை ஏது!

முற்காலத்தில் இங்கே கிடைத்தவை சுவிட்சர்லாந்துக் கடிகாரங்களே. பாவர்-லூபா, வெஸ்ட் எண்ட், ரோமர் முதலிய பெயர்கள் முதியோர் செவிக்கு இன்றும் இனிக்கும். வெஸ்ட் எண்ட் கடிகாரங்களில் ஒன்றுக்கு 'சோவார்' என்று பெயர். குதிரைவீரன் என்பது பொருள். சென்னை மவுண்ட் ரோட்டில் விளங்கிய பி. ஓர் அண்டு சன்ஸ் கடையின் கண்ணாடிப் பேழைமுன் நின்று பார்த்துத் திரும்பியவர்கள் ஆயிரவர். உள்ளே போய் வாங்கியவர் சிலர். நாடு விடுதலை பெற்றபின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. வெளிநாட்டுக் கடிகாரம் கள்ளத்தனமாகவும் வந்திறங்கியது. துறைமுகத்து மக்களாகிய நமக்கு அதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அந்நிலையை மாற்றியது எச்.எம்.டி. ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கடிகார ஆலையை நிறுவி, முதல் தொகுதிக் கடிகாரங்களை 1961-இல் பிரதமர் நேரு வெளியிடச் செய்தார்கள். 'ஜனதா' என்னும் பெயரே அது யாருக்கானது என்று சொல்லும். 17 கல், நாள்தோறும் சாவி கொடுக்கவேண்டிய எந்திரம், வெள்ளை முகம். கல் என்றதும் வைரமோ என்று எண்ண வேண்டா. சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழலுவதற்காகப் பதிக்கும் செயற்கைக் கெம்பே அது. அதனுள்ளே ஊசலாடும் சிறு சக்கரம் மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. நாளொன்றுக்கு 4,32,000 துடிப்பு. களமசேரியில் எழுந்த எச்.எம்.டி. ஆலையைக் கண்டு, அங்கே கைக்கடிகாரம் மலிவாகக் கிடைக்கும் என்று நம்பிப்போன நம்மவரும் உண்டு. அங்கே செய்தவை பெரிய இயந்திரங்கள்!

இங்கே ஒரு குறையையும் சொல்லாமல் விடலாகாது. உழைப்பாளியின் கருவியாக வந்த கடிகாரம் நம் குடும்பங்களில் வெகு விரைவில் மாப்பிள்ளைச் சீராக மாறிற்று. மோதிரம், சைக்கிள், கைக்கடிகாரம் என்று பட்டியல் போட்டுக் கேட்டார்கள். இரண்டு மாதச் சம்பளத்தைக் கடன் வாங்கி மருமகனுக்குக் கடிகாரம் கட்டிய தந்தை, தாம் வேலைக்குச் செல்லும்போது வழியில் எதிர்ப்பட்டவரிடம் மணி கேட்டுக்கொண்டே நடந்தார். இதை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை, இக்குடியிருப்பிலேயே கண்டோம். பெண்ணுக்கோ கடிகாரம் சீரில் இல்லை. நம் இல்லங்களில் முதன்முதல் கைக்கடிகாரம் கட்டிய பெண்கள் பெரும்பாலும் ஆசிரியைகளும் செவிலியரும்தாம். நோயாளியின் நாடியை எண்ணுவதற்கு நொடி முள் வேண்டும் அல்லவா? தம் சம்பளத்தில் தாமே வாங்கிக் கட்டிய அக்கடிகாரங்களை, மாப்பிள்ளைக் கடிகாரங்களைவிட ஒரு படி மேலாகவே நாம் மதிக்கிறோம்.

எங்கள் தந்தையார் தேயிலைப் பண்டகசாலை ஒன்றில் எழுத்தராக இருந்தவர். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு ஒரு ஜனதா வாங்கினார். காலைக் காப்பி கைக்கு வரும்வரை சாவி கொடுப்பார்; காப்பி வந்ததும் நிறுத்திவிடுவார். இறுகியபின் ஒரு சுற்றுக் கூடக் கொடுத்தால் வில் அறுந்துவிடும் என்று எங்களை அதைத் தொடவிடமாட்டார். ஒரு மழைக்காலத்தில் எர்ணாகுளத்துப் படகில் நனைந்ததனால் முகத்தில் 4-க்கும் 5-க்கும் இடையே பழுப்புக் கறை ஒன்று விழுந்தது. அவர் மறைந்தபின் அதைப் பீரோவில் வைத்தோம். பல்லாண்டு கழித்து எடுத்துப் பார்த்தால் ஓடவில்லை. ஊர்ப்பெயர் கடைப்பெயர் வேண்டா, ஓரிடத்தில் கொடுத்தோம். பத்து நாளில் பளபளவென்று திரும்பி வந்தது. பழைய முகத்தைச் சுரண்டிப் புது வண்ணம் பூசி, எழுத்தையும் புதிதாக அச்சிட்டிருந்தார்கள். கறை இல்லை. கடிகாரம் நன்றாகவே ஓடிற்று. எங்கள் தாயார் அதைக் கையில் வாங்கி ஒரு கணம் பார்த்துவிட்டு, "இது யாருடையது?" என்று கேட்டார்கள்.

தவறு கடைக்காரருடையது மட்டுமன்று. முகத்தைத் தொடவேண்டா என்று நாங்கள் சொல்லவில்லை. ஆகவே பழுது பார்க்கக் கொடுப்போர் இதை முதலில் சொல்லுங்கள்: எந்திரத்தைக் கழற்றித் துடைத்து எண்ணெய் இட்டால் போதும், முகமும் முள்ளும் இருந்தபடியே இருக்கட்டும். பழைய கடிகாரம் சேர்க்கும் இளைஞர்களும் இதை அறிந்துகொள்வது நலம். ஒன்றன் எந்திரம், மற்றொன்றன் கூடு, புதிதாய் அச்சிட்ட முகம் என்று ஒட்டவைத்து, அரிய பழங்கடிகாரம் என விற்போர் பெருகிவிட்டனர். ஐம்பது ஆண்டுக் கடிகாரத்தின் முகம் நேற்று அச்சிட்டதுபோல் மின்னினால் ஐயுறுங்கள். எழுத்து கோணியிருந்தால், முள் நிமிடக் கோட்டை எட்டாமல் குட்டையாக இருந்தால், பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.

கொச்சியின் காற்று கடிகாரத்துக்குப் பகை. ஈரமும் உப்பும் நுழைந்தால் எஃகு துருவேறும். தோல் வார் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடியின் உட்புறம் பனித்திருந்தால் நாளை என்று தள்ளாமல் அன்றே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். ஓடாமல் கிடந்தாலும் உள்ளிருக்கும் எண்ணெய் சில ஆண்டுகளில் பிசினாகும். அந்நிலையில் சாவி கொடுத்து ஓட்டினால் அச்சுத் தேயும். மின் இயந்திரங்களுக்கு அருகே வேலை செய்வோரின் கடிகாரம் திடீரென்று வேகமாக ஓடினால், மெல்லிய சுருள்வில்லில் காந்தம் ஏறியிருக்கலாம். காந்தம் நீக்கும் சிறு கருவி கடையில் இருக்கும். ஒரு நிமிட வேலை.

பிறகு வந்த மாற்றத்தை யாவரும் அறிவீர். 1969 இறுதியில் ஜப்பானின் சைக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதிலுள்ள படிகம் நொடிக்கு 8,192 முறை அதிர்வது. சாவி வேண்டா, மின்கலம் போதும். 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கி ஓசூரில் ஆலை வைத்தபோது, அவர்கள் நம்பியது குவார்ட்ஸையே. தமிழ் மண்ணில் செய்த கடிகாரம் என்று நம் குடும்பங்கள் அதைப் பெருமையோடு வாங்கின, அப்பெருமை தகும். எச்.எம்.டி.யோ நெடுங்காலம் நட்டத்தில் தளர்ந்தது. அதன் கடிகாரப் பிரிவை மூட 2016 சனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அதுவரை திரும்பிப் பாராதவர்களெல்லாம் கடைகளில் எஞ்சியிருந்ததைத் தேடியோடி வாங்கினார்கள்.

இன்று நேரம் பார்க்கக் கைபேசி உண்டு. துல்லியத்தில் ஜனதா அதற்கு ஈடாகாது. நாளுக்கு அரை நிமிடம் முன்பின் ஓடும். அதை மறுப்பார் இலர். ஆனால் பழங்கடிகாரத்தைச் சேர்ப்பது நேரம் பார்ப்பதற்காக அன்று. இருபது கடிகாரத்தை விலைக்கு வாங்கி அடுக்குவோரைக் குறை சொல்லோம். அது அவரவர் விருப்பம். நாம் கேட்பது வேறு. உங்கள் வீட்டு பீரோவில் உள்ள ஒன்றை வெளியே எடுங்கள். ஓட்டத்துக்குக் கொண்டுவந்து, வாரத்துக்கு ஒரு நாளாவது கட்டுங்கள். ஒரு சிறு தாளில், இது யார் கட்டியது, எந்த வேலைக்குக் கட்டியது, எந்த ஆண்டு எங்கே வாங்கியது, எப்போது அடகுக்குப் போய் எப்போது மீண்டது என்று எழுதி அதனுடன் வையுங்கள். எழுதுவதற்குத் தெரிந்தவர்கள் இவ்வவையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். இளைஞர்கள் இன்றிரவே அவர்களைக் கேட்கலாம். அடுத்த ஆண்டு விழாவில் அக்கடிகாரங்களைத் தாள்களோடு ஒரு மேசைமேல் பரப்பி வைக்கச் செயலாளர் இசைந்திருக்கிறார். பூட்டும் காவலும் அவர் பொறுப்பு. அதையும் மேடையிலேயே சொல்லிவிடுகிறோம்.

தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். எம் கையிலுள்ள ஜனதா இன்னும் நான்கு நிமிடம் இருப்பதாகக் காட்டுகிறது. அவர் கட்டியிருப்பது குவார்ட்ஸ். ஆதலால் அதற்கே பணிந்து அமர்கிறோம்.