உழைப்பவரின் உறக்கமும் ஓர் அமானிதமே

  

நமது ஆவடி உழைப்பாளிகளின் ஊர். 1965 ஆம் ஆண்டில் முதல் விஜயந்தா டாங்கி இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்துதான் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்திருக்கிறது. பஜ்ர் தொழுதுவிட்டு ரயில் ஏற ஓடுவோரும், அதே நேரத்தில் இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்புவோரும் நம்மில் உண்டு. இத்தகைய மக்களாகிய நாம், நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதை அடிக்கடி பேசுகிறோம். உடலின் சக்தியை வீணாக்கக் கூடாது என்பதை மட்டும் ஏனோ பேசுவதில்லை. கடிகாரத்தில் எல்லா மணியும் ஒன்றுபோல் இருக்கலாம். ஆனால் காலை எட்டு மணிக்குக் கையில் இருக்கும் தெம்பு பிற்பகல் மூன்று மணிக்கு இருப்பதில்லை என்பதை உழைக்கும் ஒவ்வொருவரும் அறிவர்.

இதனை நமக்கு முந்தைய தொழிலாளர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். நமக்கு அண்மையில் உள்ள பெரம்பூரில் இயங்கிய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் முக்கியமான குறைகளுள் ஒன்று, மதிய உணவு இடைவேளை மிகவும் குறுகியது என்பதாகும். அள்ளி விழுங்கிவிட்டு இயந்திரத்தின் முன் ஓட வேண்டிய நிலை. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, கூலியோடு இந்த இடைவேளையும் பேசப்பட்டது. பின்னர் வந்த 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்காமல் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என விதித்தது. ஓய்வு என்பது வேலையின் ஒரு பகுதியே என்று சட்டமே ஒப்புக்கொண்டது.

அருமைச் சகோதரர்களே! அண்மைக் காலத்தில் நமது சென்னை மாநகரிலேயே ஓர் ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவுகள் 2021 இல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் என்ற இதழில் வெளிவந்தன. குறைந்த வருவாயுள்ள 452 பேரைக் கணினியில் விவரங்களைப் பதிவு செய்யும் வேலையில் அமர்த்தி, மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டி, அவர்களின் உறக்கத்தை அளந்தார்கள். இரவில் சுமார் எட்டு மணி நேரம் படுத்திருந்தும், அவர்கள் உண்மையில் உறங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரமே. வெப்பம், கொசு, இரைச்சல் ஆகியவற்றால் உறக்கம் துண்டு துண்டாகிப் போனது. அறிவுரையும் தந்து, மின்விசிறி, காதடைப்பான் போன்ற வசதிகளும் செய்து, இரவு உறக்கத்தைச் சுமார் 27 நிமிடம் கூட்டினார்கள். ஆனால் வேலைத் திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை.

வேலை செய்யும் இடத்தில் பிற்பகலில் அரை மணி நேரம் உறங்க வாய்ப்புத் தந்தபோதோ நிலைமை வேறாக இருந்தது. வெறுமனே இடைவேளை எடுத்தவர்களைவிட, உறங்கி எழுந்தவர்களின் வேலைத் திறனும் கவனமும் மனநலமும் மேம்பட்டன. அந்த அரை மணி நேரமும் இடைவிடாமல் வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால், உறங்கியவர்களின் வருவாய் சற்றுக் குறைந்தது என்பதும் உண்மையே. அப்படியானால் நாம் பெறும் பாடம் யாது? புதிதாக நேரத்தை வெட்டி எடுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே நமக்குள்ள உணவு இடைவேளையைக் கைப்பேசியில் கரைக்காமல், அதில் பதினைந்து நிமிடமேனும் கண்ணயர்ந்தால் நட்டம் ஏதுமில்லை.

நண்பகலில் சற்றுச் சாய்ந்து எழும் இந்த வழக்கம் நமக்குப் புதிதன்று. ‘கைலூலா’ என்று நபிவழியில் நாம் அறிந்ததே. இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் விழித்திருப்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபூதர்தா (ரலி) அவர்களை, விருந்தினராக வந்த ஸல்மான் (ரலி) அவர்கள் உண்ண வைத்தார்கள். இரவில் உறங்கவும் வைத்தார்கள். இரவின் இறுதிப் பகுதியில் எழுப்பி இருவருமாகத் தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்திற்கும் உரியதை அவரவர்க்குக் கொடுக்க வேண்டும் என்ற ஸல்மானின் சொல்லை நபியவர்கள் உண்மையென ஏற்றார்கள். வணக்கத்திற்கே இந்த அளவு உண்டென்றால், நள்ளிரவு வரை தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் கண்ணைக் கொடுப்பதற்கு நாம் என்ன நியாயம் கூற முடியும்?

உறங்காத கண்ணோடு பவர் பிரஸ்ஸின் முன் நிற்பவருக்கு ஒரு நொடித் தடுமாற்றம் போதும், விரல் போய்விடும். விரலோடு அக்குடும்பத்தின் வருவாயும் போய்விடும். எனவே இது சோம்பலைப் பற்றிய பேச்சன்று. பிழைப்பைப் பற்றிய பேச்சு.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில உள்ளன. கவனம் மிகுதியாகத் தேவைப்படும் வேலையை உடல் தெளிவாக இருக்கும் வேளையில் முடிப்போம். உறங்கப் போகும் முன் ஐந்தாறு மணி நேரத்திற்குத் தேநீர், காப்பியைத் தவிர்ப்போம். இரவு ஷிப்டு முடித்து வந்தவர் உறங்கும் அறையை இருட்டாக்கி, பிள்ளைகளை அமைதியாக இருக்கச் செய்வோம். ஒற்றை அறை வீடாயின், அந்தச் சில மணி நேரம் தொலைக்காட்சியை மூடி வைப்பதும் அவருக்குச் செய்யும் உதவியே. நம்மில் பட்டறை வைத்திருப்போர், தொழிலாளர்கள் சாய்ந்திருக்க ஒரு பாயும் ஒரு மின்விசிறியும் உள்ள மூலையை ஒதுக்கித் தாருங்கள். ஓவர்டைம் என்று இரண்டு ஷிப்டு தொடர்ந்து வேலை வாங்காதீர்கள். உழைப்பவரும் ஆசைப்பட்டு அதனைக் கேட்காதீர்கள்.

நமது திருமண வீடுகளுக்கும் ஒரு வேண்டுகோள். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கலாகாது என்பது 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அந்த விதி இல்லாவிட்டாலும், மறுநாள் முதல் ஷிப்டுக்குச் செல்ல வேண்டிய அண்டை வீட்டாரின் உறக்கத்தைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை. அவர் எந்தச் சமயத்தவராயினும் சரியே.

நமது உடலில் வல்ல நாயன் வைத்துள்ள சக்தி ஓர் அமானிதம். அதனை அளவறிந்து செலவிட்டு, ஹலாலான உழைப்பில் சிறந்து விளங்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.