ஜொனாதன் லார்சன்: 3 மாச முழுநேர கம்போஸர்

பகல்ல ஆபீஸ், ராத்திரி சொந்த ப்ராஜெக்ட்னு ஓடுறவங்க இதைக் கேக்குறவங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. இன்னைக்குக் கதை உங்களுக்காக. ஜொனாதன் லார்சன், அமெரிக்க மியூசிக்கல் தியேட்டர் கம்போஸர்.

1960-ல பிறந்து, நியூயார்க் மாநிலத்துல, ஒயிட் ப்ளெய்ன்ஸ்ல வளர்ந்தவர். பிராட்வே மேடைக்கு ராக் இசையைக் கொண்டு வரணும், தன் வயசுக்காரங்க தியேட்டருக்கு வரணும். இதுதான் அவரோட ஆசை. காலேஜ் முடிச்சு மன்ஹாட்டன் வந்தார். சோஹோல மூன்டான்ஸ் டைனர்னு ஒரு சின்ன ஓட்டல்ல சர்வர் வேலை. அதுல கிட்டத்தட்ட 10 வருஷம் இருந்தார். வாரக் கடைசியில தட்டு தூக்குவார், மத்த நாள்ல பாட்டு எழுதுவார்.

முதல்ல ஜார்ஜ் ஆர்வெல்லோட '1984' நாவலை மியூசிக்கலா பண்ண நினைச்சார். உரிமை கிடைக்கல. சரின்னு, எதிர்காலத்துல நடக்குற சொந்தக் கதையா 'சூப்பர்பியா' எழுதினார். பிராட்வேயின் பெரிய ஆளான ஸ்டீபன் சோண்ட்ஹைம் உற்சாகப்படுத்தினார். விருதும் கிடைச்சது. ஆனா அவர் உயிரோட இருந்தவரைக்கும் யாரும் அதை முழு நாடகமா மேடையேத்தல.

அந்த ஏமாற்றத்தையே அடுத்த ஷோவுக்கு விஷயமா எடுத்துக்கிட்டார். 30 வயசு நெருங்குது, இன்னும் ஒண்ணும் ஆகலைங்கிற பதற்றத்தை, ஒரு பேண்டை வச்சுக்கிட்டு தானே பாடி நடிச்சார். அதுதான் 'டிக், டிக்... பூம்!' 2021-ல ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் நடிச்சு நெட்ஃபிளிக்ஸ்ல படமா வந்ததே, அதேதான்.

இதுக்கு நடுவுல 1989-ல பில்லி ஆரன்சன்னு ஒரு நாடக எழுத்தாளர் ஒரு ஐடியா கொண்டு வந்தார். புச்சினியோட 'லா போஹேம்' ஓபராவை இன்னைய நியூயார்க்ல வச்சா எப்படி இருக்கும்? பாரிஸ் ஈஸ்ட் வில்லேஜ் ஆச்சு. காசநோய் எய்ட்ஸ் ஆச்சு. எய்ட்ஸ் அவருக்கு வெறும் நியூஸ் இல்ல, நண்பர்களையே பறிகொடுத்திருந்தார். பிறகு ஆரன்சன்கிட்ட கேட்டு, தனியாவே அதை எடுத்துக்கிட்டார். அதான் 'ரெண்ட்'. வருஷக்கணக்கா திருத்தித் திருத்தி எழுதினார்.

டைனர் வேலையை விட்டது 1995 அக்டோபர்ல. 1996 ஜனவரில ரிகர்சல் நேரத்துல கடுமையான நெஞ்சு வலி. ரெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு இடத்துல ஃபுட் பாய்சன், இன்னொரு இடத்துல வைரஸ் காய்ச்சல்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உண்மையில இதயத்துல இருந்து வர்ற பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சுட்டு இருந்தது. ஜனவரி 24 ராத்திரி கடைசி டிரஸ் ரிகர்சலைப் பார்த்தார். 25-ம் தேதி விடியக்காலை இறந்துட்டார். வயசு 35. அன்னைக்கு ராத்திரிதான் முதல் பிரிவியூ.

நடிகர்கள் அன்னைக்கு அவரோட குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் உக்காந்தபடியே பாடிக் காட்டலாம்னு முடிவு பண்ணாங்க. ஆனா கொஞ்ச நேரத்துல உக்கார முடியல. எழுந்து ஆடி நடிக்கவே ஆரம்பிச்சுட்டாங்க.

ஏப்ரல்ல ஷோ பிராட்வேக்குப் போச்சு. புலிட்சர் பரிசு, 4 டோனி விருது. முதல் ரெண்டு வரிசை சீட்டை 20 டாலருக்குக் கொடுத்தாங்க, அதுக்காக பசங்க ராத்திரி முழுக்க வாசல்ல படுத்துக் கிடந்தாங்க. அவர் கூப்பிட்ட கூட்டம் வந்துடுச்சு. 2008-ல முடியுறவரைக்கும் 5,123 ஷோ.

"விடாம உழைச்சா ஒருநாள் ஜெயிப்பே"னு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஜெயிச்ச நாள்ல அவரே இல்ல. எனக்கு மனசுல நிக்கிற கணக்கு வேற. அவர் முழுநேர கம்போஸரா இருந்தது வெறும் 3 மாசம். 'ரெண்ட்' பெரும்பாலும் ஒரு சர்வரோட லீவு நாள்ல எழுதினது. வேலையை விட்டப்புறம்தான் நிஜ வாழ்க்கை ஆரம்பிக்கும்னு அவர் காத்துட்டு இருக்கல.

இன்னொண்ணு. நெஞ்சு வலிக்குதுன்னா, "ஒண்ணுமில்ல"னு ஒருத்தர் சொன்னாலும், வலி போகலைன்னா திரும்பப் போய்க் கேளுங்க. டெட்லைன் காத்திருக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!