பெருநாள் விருந்தும் முதலீட்டுப் படிப்பும்

(ஹஜ்ஜுப் பெருநாள் ஒன்றுகூடலில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



அன்புச் சகோதர சகோதரிகளே, செலண்டார், நியாலாஸ், ஜாசின் வட்டாரத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, எல்லாருக்கும் எங்கள் பெருநாள் வாழ்த்துகள். குர்பானி மாட்டிறைச்சி ஒரு பக்கம் இருக்கிறது. அதைச் சாப்பிடாத இந்து நண்பர்களுக்கு வேறு சட்டியில் கோழி சமைத்து வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு நமக்கென்று ஹலால் கடையில் கோழி வாங்கும் வீடுகளை நாம் அறிவோம். தோட்டத்து லயத்தில் பழகிய பழக்கம், டவுனுக்கு வந்தும் விடவில்லை.

சாப்பிடுமுன் பணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். பெருநாளில் பணப் பேச்சா என்று கேட்காதீர்கள். ஹஜ்ஜுக்கும் பணத்துக்கும் இந்த நாட்டில் பெரிய கதையே உண்டு.

வட்டிக்கு அஞ்சி நம் பெரியவர்கள் பேங்க் பக்கம் போகவில்லை. தலையணைக்குள் வைத்தார்கள், மண்ணில் புதைத்தார்கள், மாடு வாங்கி விட்டார்கள். பயணம் வந்ததும் நிலத்தையும் மாட்டையும் விற்றுப் போய், ஹாஜியாராகத் திரும்பிக் கடன்காரராக வாழ்ந்தவர்கள் பலர். இதைக் கண்ட பொருளாதார அறிஞர் உங்கு அசிஸ் 1959இல் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து 1963இல் சேமிப்பு நிறுவனம் பிறந்தது. முதலில் சேர்ந்தவர்கள் 1,281 பேர், போட்ட பணம் 46,600 வெள்ளி. ஆளுக்கு 36 வெள்ளி சொச்சம்தான்! 1969இல் அது ஹஜ் விவகார அலுவலகத்தோடு இணைந்தது. அதுவே இன்றைய தாபோங் ஹாஜி. இன்று 1,300 வெள்ளி கணக்கில் இருந்தால் ஹஜ்ஜுக்குப் பெயர் பதியலாம்.

அங்கே போட்டுவிட்டோம், இனி ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. 2017ஆம் ஆண்டுக்கு 4.5 விழுக்காடு ஹிபா கிடைத்தது. 2018ஆம் ஆண்டுக்கு 1.25தான். சொத்து மதிப்பு பொறுப்புகளைவிடக் குறைந்துபோனதால், 19.9 பில்லியன் வெள்ளிக்கான சொத்துகளை அரசாங்கம் அமைத்த தனி நிறுவனத்துக்கு மாற்றினார்கள். போட்ட பணத்துக்கு அரசாங்க உத்தரவாதம் இருக்கிறது, யாருக்கும் முதல் போகவில்லை. ஆனால் அதுவரை ஆண்டறிக்கை என்ற ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

எங்கள் பெரிய கவலை வேறு. பெருநாள் திறந்த இல்ல உபசரிப்பில், நெய்ச்சோற்றுத் தட்டோடு ஒரு நண்பர் பக்கத்தில் உட்காருவார். "மாதம் பத்து விழுக்காடு, அடுத்த வாரம் மூடிவிடுவார்கள்" என்பார். 1980களில் தைப்பிங்கில் பாக் மான் தெலோ சொன்னதும் அதே பத்து விழுக்காடுதான். பின்னால் வந்தவர் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்குக் கொடுப்பது, ஆள் வரவு நின்றதும் கவிழ்வது. சொல்லும் நண்பர் பொய்யரில்லை, அவரும் போட்டிருப்பார். முதல் இரண்டு மாதம் பணம் வந்திருக்கும். அதனால்தான் அவர் பேச்சை நம்புகிறோம். உம்மாவின் ஹஜ்ஜுப் பணம் போகிற வழி பெரும்பாலும் இதுதான்.

அப்படி யாராவது சொன்னால் முகம் கோணாமல், "பெயரை எழுதிக் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். உரிமம் இல்லாதவர்களின் எச்சரிக்கைப் பட்டியலைப் பேங்க் நெகாராவும் பங்குப் பரிவர்த்தனை ஆணையமும் வெளியிடுகின்றன. ஷரீஆவுக்கு ஒத்த பங்குகளின் பட்டியலையும் அந்த ஆணையம் ஆண்டுக்கு இருமுறை, மே, நவம்பர் மாதங்களில் தருகிறது. பட்டியலில் பெயர் இருந்தால் லாபம் நிச்சயம் என்று பொருளில்லை, வியாபாரம் ஹலாலா என்பதற்கு மட்டுமே அது பதில்.

இவற்றைத் தனியாக உட்கார்ந்து படிப்பது சிரமம், தூக்கம் வந்துவிடும். ஆகவே சேர்ந்து படிப்போம். இந்து நண்பர்களும் வரலாம். தாபோங் ஹாஜி நமக்கு மட்டும் என்றாலும், 2000இல் தொடங்கிய அமானா சஹாம் மலேசியா எல்லா மலேசியருக்கும் உரியது. ஏமாற்றுக்காரனும் மதம் பார்ப்பதில்லை! நம்மவர்களுக்கு ஜகாத் கணக்கும் சேர்த்துப் பார்ப்போம்: 85 கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டிய சேமிப்பு ஓராண்டு கையில் இருந்தால் இரண்டரை விழுக்காடு.

வரும் வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பின் சங்கக் கட்டடத்தில் முதல் அமர்வு. தாபோங் ஹாஜி புத்தகத்தையும், யாராவது உங்கள் கையில் திணித்த விளம்பரத் தாளையும் கொண்டு வாருங்கள். இப்போது சோறு ஆறுகிறது, பிஸ்மில்லாஹ்.