அப்பாச்சி சொன்ன குறை



1980களின் நடுப்பகுதி. நெடுந்தீவில் எங்கள் வீட்டு விறாந்தையில் அப்பாச்சி ஓலைப்பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். றேடியோவில் ‘அன்னக்கிளி’ப் பாட்டொன்று போனது. சிறுவர்களாகிய நாங்கள் வாயைப் பிளந்து கேட்டோம். அப்பாச்சிக்கு அதில் ஒரு புதினமும் இல்லை. “இதுக்கேன் மோனை றேடியோ? நாங்கள் பெட்டி இழைக்கேக்கை பாடுறதுதானே” என்றார். சற்றுப் பொறுத்து, “உவ்வளவு வாத்தியம் எதுக்கு? பாட்டுக்கு மூச்சு முட்டுது” என்றார்.

அமெரிக்க இசைக்குழு ஒன்றின் கதையைப் படித்தபோது இது நினைவுக்கு வந்தது. ‘பேர்ட்ஸ்’ என்பது மின்கிற்றாரால் புகழ்பெற்ற றொக் குழு. 1968 இல் அவர்களுக்குக் ‘கன்ட்றி’ எனப்படும் கிராமத்து இசையில் நாட்டம் வந்தது. மார்ச் 15 ஆந் திகதி, நாஷ்வில் நகரில் ‘கிராண்ட் ஓல் ஒப்றி’ மேடையில் ஏறினார்கள். 1925 முதல் வானொலியில் ஒலிபரப்பாகும் அந்நிகழ்ச்சி கன்ட்றி இரசிகருக்குக் கோயில் மாதிரி. நீண்ட முடியோடு நின்ற இளைஞர்களைச் சபை பரிகசித்தது. வேறொரு பாட்டை அறிவித்திருக்க, கிராம் பார்சன்ஸ் என்பவர் தம் சொந்தப் பாட்டொன்றைத் தம் பாட்டிக்குச் சமர்ப்பணம் செய்து பாடினார். நிகழ்ச்சிக்காரருக்குக் கடுங்கோபம். அவ்வாண்டு வந்த இசைத்தட்டை றொக் இரசிகர்களும் அதிகம் வாங்கவில்லை. இரண்டு வீட்டிலும் சோறு கிடைக்காத விருந்தாளியின் கதைதான். இன்று அதே இசைத்தட்டு ஒரு புதிய இசைவகைக்கே முன்னோடி எனப்படுகிறது.

இளையராஜாவுக்கு அப்படி நேரவில்லை. பண்ணைப்புரத்துப் பாட்டைக் காதில் வைத்துக்கொண்டு, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்றவர். 1976 இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது பட்டிதொட்டியெல்லாம் பாடிற்று. அவர் தம் ஊருக்குத் திரும்பினார், பேர்ட்ஸ் பிறர் ஊருக்குப் போனார்கள் என்று வகுப்பில் சொல்லி வந்தேன். இப்போது அந்த உறுதி இல்லை. பார்சன்ஸும் தெற்கே, ஜோர்ஜியாவில் வளர்ந்தவர்தான். சபை பார்த்தது முடியை!

இளங்கோவடிகளும் நெய்தல் மக்களின் வரிப்பாடலைக் காப்பியத்துள் கொண்டுவந்தார். மீன் உணக்கிய பெண்ணொருத்தி கானல்வரியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? சிலம்பில் அதற்கு விடை இல்லை.

அப்பாச்சி சொன்ன குறை மட்டும் எனக்குத் தெரியும். அவர் பாடியதில் ஒரு வரிகூட நான் எழுதி வைக்கவில்லை. அண்மையில் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு போனேன். பெட்டி இழைக்கும் ஓர் ஆச்சியிடம் பழைய பாட்டொன்று பாடும்படி கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு ‘அன்னக்கிளி’ப் பாட்டைத்தான் பாடினார்.