புகுமுன் மீளும் வழி



தொழில் தொடங்க எண்ணும் இளைஞரைக் காணுந்தோறும் நான் கேட்கும் வினா ஒன்றுண்டு: "இதிலிருந்து எவ்வழியே வெளிவருவீர்?" தொடக்கத்திலேயே முடிவைப் பேசுவது அபசகுனம் என்று சிலர் முகம் சுளிப்பர். ஆனால், சக்கர வியூகத்துள் புகக் கற்று மீளக் கல்லாத அபிமன்யுவின் கதை நாம் அறிந்ததே.

வழிகள் பல. 2007இல் பெங்களூரில் தோன்றிய ஃபிளிப்கார்ட்டின் பெரும்பங்கை, 2018இல் அமெரிக்க வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு வாங்கிற்று. நிறுவிய இருவருள் ஒருவர் அப்போதே விலகினார். இது விற்கும் வழி. 2010இல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ், 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. இது பொதுமக்களுக்குப் பங்கு வழங்கும் வழி. 1996இல் பிறந்த சோகோவோ வெளியார் முதலீட்டை நாடாது, தன் வருவாயிலேயே வளர்ந்தது.

இவற்றுள் எது நமக்கு ஏற்றது? யாருடைய பணத்தைப் பெறுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. துணிகர முதலீட்டு நிதிகள் பெரும்பாலும் பத்தாண்டு வரையறை உடையவை. அதற்குள் தமக்குப் பணம் அளித்தோர்க்குத் திருப்பித் தரவேண்டும். அப்பணத்தை ஏற்பவர், ஒருநாள் விற்பதற்கும் அன்றே இசைந்தவராவார். தலைமுறைதோறும் நடத்த விரும்புவோர்க்கு அது பொருந்தாது.

மூடுவதும் ஒரு வழியே. ஊழியர் ஊதியமும் கடனும் தீர்க்கக் கையில் பொருளுள்ளபோதே மூடுவது மானமுள்ள செயல். எல்லாம் கரைந்தபின் மூடினால் துன்பம் பிறர் தலையில் விழும்.

ஆதலின், யார், எப்போது, எம்முறையில் தம் பங்கை விற்கலாம் என்பதைக் கூட்டாளிகளுடன் முதல்நாளே எழுதிக்கொள்ளுங்கள். நட்பு நன்றாயிருக்கும்போதுதான் அதனை எழுதுவது எளிது.